மலையேறும் மின்சாரச் சைக்கிள்: ஏற்றத்திலே துணை, இறக்கத்திலே யார்?

வெலிமடைச் சந்தியிலே காலைப் பொழுதிற் சற்று நின்று பார்ப்பவருக்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். உருளைக்கிழங்கும் கரட்டும் போஞ்சியும் கோவாவும் ஏற்றிய லொறிகள் செல்கின்றன. பஸ் வண்டிகளும் முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் வீதியோரமாக நடந்து செல்கின்றனர். ஆயின், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வீட்டுக்கு வீடு சுவரிற் சாத்தியிருக்கும் துவிச்சக்கர வண்டியை மட்டும் இங்கே காண்பது அரிது.

இதற்குக் காரணம் யாது? மலைநாட்டு மக்களுக்குச் சைக்கிள்மீது விருப்பம் இல்லை என்பதன்று. பாதை சம்மதிக்கவில்லை என்பதே காரணம். பேராதனையிலிருந்து செங்கலடிக்குச் செல்லும் ஏ-5 பெருந்தெருவில், நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் இடையே வெலிமடை அமைந்திருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. பதுளையோ ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வீதி எப்படி இருக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஏறினால் மூச்சு வாங்கும். இறங்கினால் நெஞ்சு படபடக்கும்.

2022ஆம் ஆண்டில் எரிபொருட் பஞ்சம் நாட்டை வாட்டிய காலத்தை நாம் மறந்துவிடவில்லை. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோலின் விலை 470 ரூபாவாயிற்று. மக்கள் இரவு பகலாக வரிசையிற் காத்துக் கிடந்தனர். ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபொழுது மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளவிடப்பட்டது. அப்பொழுது கொழும்பிலும் பிற சமவெளி நகர்களிலும் பலர் மூலையிற் கிடந்த சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தனர். மலைநாட்டவருக்கோ அந்த வழியும் அடைபட்டே இருந்தது.

இன்று அந்த வழியைத் திறக்கக்கூடிய ஒரு கருவி உலகெங்கும் பரவிவருகிறது. அதுவே மின்சாரத்தின் துணையோடு ஓடும் சைக்கிள். அது எவ்வாறு நமக்குத் துணை செய்கிறது, எந்த இடத்தில் அத்துணையை நிறுத்திக்கொள்கிறது என்பவற்றை மாணவர்களும் பெற்றோரும் ஒருங்கே அறிந்துகொள்ளுதல் நன்று. அதிலும் மலைநாட்டில் வாழ்வோர் இரண்டாவதை அறியாமல் அவ்வண்டியில் ஏறுதல் ஆகாது.

மலை கேட்கும் விலை

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் புத்தகப் பையோடு 63 கிலோகிராம் எடையுள்ளவன் என்றும், அவனுடைய சாதாரணச் சைக்கிள் 15 கிலோகிராம் எடையுள்ளது என்றும் வைத்துக்கொள்வோம். 100 மீற்றர் தூரம் சென்றால் 8 மீற்றர் உயரும் ஒரு பாதையில் அவன் ஏறுகிறான். உடல்நலமுள்ள ஒருவர் இளைப்பின்றி நெடுநேரம் மிதிக்கும்பொழுது கால்கள் தரக்கூடிய வலு ஏறக்குறைய 75 முதல் 100 உவாற்று வரையாகும். பழைய முறையிற் கூறுவதாயின், ஒரு குதிரை வலுவில் எட்டில் ஒரு பங்குதான்.

அந்த 100 உவாற்று வலுவைக் கொண்டு அம்மாணவன் அந்த ஏற்றத்தில் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தை மட்டுமே அடைவான். இஃது ஒருவர் நடந்துசெல்லும் வேகமாகும். நடக்கும் வேகத்திற் சைக்கிளை விழாமல் ஓட்டுவது கடினம். ஆதலால் அவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறான். தள்ளிக்கொண்டு போவதற்கு எதற்கு ஒரு சைக்கிள் என்று மறுநாள் அதனை வீட்டிலேயே விட்டுவிடுகிறான். மலைநாட்டிற் சைக்கிள் வேரூன்றாத வரலாறு முழுவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும்.

இனி, அதே பாதையில் மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் ஏறவேண்டுமானால் எவ்வளவு வலு வேண்டும்? மோட்டாரும் மின்கலவடுக்கும் சேர்ந்து வண்டியின் எடை 22 கிலோகிராமாகி, மொத்த எடை 85 கிலோகிராம் ஆகிறது என்று கொண்டால், ஏறக்குறைய 250 உவாற்று தேவைப்படும். மாணவன் தருவது 100. எஞ்சிய 150ஐ எவரேனும் பின்னாலிருந்து தள்ளினால் அவன் ஆனந்தமாக ஏறிவிடுவான். மின்மோட்டார் செய்வது அந்தத் தள்ளும் வேலையேயன்றி வேறன்று.

டைனமோவைத் திருப்பிப் பார்த்தால்

நம்மவருக்கு இதன் தத்துவம் புதிதன்று. சைக்கிள் விளக்கை எரிக்கும் டைனமோவை முதியோர் அறிவர். 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் எரிபொருளும் அரிதாகிப்போன போர்க்காலத்தில், சைக்கிள் மிதியைச் சுழற்றி டைனமோவின் மின்சாரத்தால் வானொலி கேட்டவர்கள் பலர். சுழற்சியைக் கொடுத்தால் டைனமோ மின்சாரம் தரும். அதையே திருப்பி, மின்சாரத்தைக் கொடுத்துச் சுழற்சியைப் பெற்றால் அது மோட்டார் ஆகும். காந்தமும் கம்பிச் சுருளும் இரண்டுக்கும் பொதுவானவை.

இந்த எண்ணமும் மிகப் பழையது. அமெரிக்கரான ஒக்டன் போல்டன் என்பவர் 1895ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆந் திகதியே, பின்சக்கரத்தின் குடத்துள் மின்மோட்டார் பொருத்திய சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், அக்காலத்து மின்கலவடுக்குகள் ஈயத்தாலானவை, பாரம் மிகுந்தவை. வண்டியைத் தூக்குவதற்கென்று வைத்த சுமையே வண்டியை அமுக்கிற்று. ஏறக்குறைய நூறாண்டுகள் கழிந்த பின்னர், 1993இல் யப்பானிய யமஹா நிறுவனம், மிதிப்பவரின் கால்பலத்தை அளந்து அதற்கேற்பத் துணைசெய்யும் சைக்கிளை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் எடை குறைந்த லிதியம் அயன் மின்கலவடுக்குகள் பெருகவே, இவ்வண்டிகளும் நாடெங்கும் பெருகின.

இன்று பரவலாகக் காணப்படும் வண்டிகளில் 36 உவோல்ற்று அழுத்தமும் 10 அம்பியர்-மணி கொள்ளளவும் உள்ள மின்கலவடுக்கு ஒன்று இருக்கும். இவ்விரண்டையும் பெருக்கினால் 360 உவாற்று-மணி. நம் வீட்டு மின்சாரப் பட்டியலில் ஓர் அலகு என்று குறிப்பது 1,000 உவாற்று-மணியாகும். ஆகவே, அந்த மின்கலவடுக்கை ஒருமுறை முழுவதும் நிரப்ப, இடையில் ஏற்படும் இழப்பையுஞ் சேர்த்து அரை அலகு மின்சாரமும் செலவாகாது. மேலே கூறிய மாணவனை 100 மீற்றர் உயரம் ஏற்றுவதற்கு மோட்டார் ஏறக்குறைய 20 உவாற்று-மணியைப் பயன்படுத்தும். கணக்கின்படி பார்த்தால், ஒருமுறை நிரப்பிய மின்சாரம் 1,500 மீற்றருக்குக் குறையாத உயரத்தை ஏறத் துணைசெய்யும். குளிரும் காற்றும் கரடுமுரடான பாதையும் இதிற் சிறிது குறைத்துவிடும். ஆயினும் நாள்தோறும் பாடசாலை சென்று திரும்புவோருக்கு இது தாராளமாகப் போதும்.

அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு வெலிமடையின் சொந்த நீரிலிருந்தே பிறக்கிறது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். உமா ஓயாப் பல்நோக்குத் திட்டத்தின்படி, வெலிமடைப் பகுதியிலுள்ள புகுல்பொலவிலும், தைராபாவிலும் அணைகள் எழுப்பப்பட்டன. தேக்கிய நீர் நெடுஞ்சுரங்கத்தின் வழியே வெல்லவாயப் பக்கம் இறக்கப்பட்டு, 120 மெகாவாற்று வலுவுள்ள நிலத்தடி நிலையத்தைச் சுழற்றுகிறது. சுரங்கம் தோண்டிய காலத்திற் பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றியதையும் வீடுகள் வெடித்ததையும் அப்பகுதி மக்கள் இன்றும் மறக்கவில்லை. அத்திட்டம் 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. மலையிலிருந்து கீழே விழும் நீரின் பலம், கம்பி வழியே திரும்பிவந்து, மலையேறுவோனுக்குத் தோள் கொடுக்கிறது.

உதவி எவ்வாறு வருகிறது?

மோட்டார் இரு இடங்களில் ஒன்றிற் பொருத்தப்பட்டிருக்கும். சில வண்டிகளிற் சக்கரத்தின் குடத்துள் இருக்கும். இது விலை குறைந்தது. வேறு சிலவற்றில் மிதிகளைத் தாங்கும் அச்சோடு இருக்கும். இது விலை கூடியது. ஆயினும் மலைப் பாதைக்கு ஏற்றது. ஏனெனில், அச்சிலுள்ள மோட்டாரின் பலம் சங்கிலியின் வழியே செல்கிறது. ஆகவே, கியர்களை மாற்றும்பொழுது நம் காலுக்குக் கிடைக்கும் இலகு மோட்டாருக்குங் கிடைக்கிறது. குடத்து மோட்டாருக்கு அந்த வசதி இல்லை. செங்குத்தான ஏற்றத்திற் சக்கரம் மெதுவாகச் சுழலும்பொழுது, அது மிகுந்த மின்சாரத்தை இழுத்து, அதிற் பெரும்பகுதியைச் சூடாக வீணாக்கும். நீண்ட ஏற்றத்தில் அளவுக்கு மீறிச் சூடேறினால் மோட்டார் பழுதடையவுங் கூடும்.

மோட்டாருக்கு எப்பொழுது உதவவேண்டும் என்று சொல்வது யார்? அதற்கென ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. அதனை வண்டியின் மூளை எனலாம். அந்த மூளைக்குச் செய்தி கொண்டுவரும் உணர்கருவிகளை இரு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, மிதி சுழல்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும். மிதியச்சிற் பொருத்திய சிறு தட்டொன்றிற் காந்தத் துண்டுகள் வரிசையாக இருக்கும். அவை உணர்கருவியைக் கடந்து செல்லுந்தோறும் ஒரு மின்துடிப்பு எழும். துடிப்பு வந்தால் மோட்டார் ஓடும். துடிப்பு நின்றால் மோட்டார் நிற்கும். எளிய முறைதான், ஆனால் மிதிப்பவர் மெல்ல மிதிக்கிறாரா, வருந்தி மிதிக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. மிதிப்பதை நிறுத்திய பின்னும் கணப்பொழுது தள்ளிக்கொண்டேயிருக்கும் வண்டிகளும் இவ்வகையில் உண்டு. கூரிய வளைவில் அந்தக் கணப்பொழுதே ஆபத்தாகலாம்.

இரண்டாவது வகை, எவ்வளவு பலத்தோடு மிதிக்கிறோம் என்பதையே அளக்கும். நாம் ஊன்றி மிதிக்கும்பொழுது மிதியச்சு கண்ணுக்குத் தெரியாத அளவு முறுகும். அந்த முறுக்கத்தை உணர்கருவி ஒரு நொடியிற் பன்முறை அளந்து மூளைக்கு அறிவிக்கும். ஊன்றி மிதித்தால் மோட்டாரும் ஊன்றித் துணைசெய்யும். மெல்ல மிதித்தால் அதுவும் மெல்லத் தள்ளும். இதில் ஏறியவர்கள், தம் கால்களே திடீரென்று வலிமை பெற்றுவிட்டதாக உணர்வர். ஏற்றத்திற்கு இதுவே மேலானது. விலையும் அதற்கேற்ப மேலானதே.

இவையன்றி, மோட்டார் சைக்கிளில் உள்ளது போலக் கைப்பிடியைத் திருகினால், மிதியாமலே ஓடும் வண்டிகளும் உண்டு. தள்ளிச் செல்வோருக்காக, நடை வேகத்தில் மட்டும், அதாவது மணிக்கு 6 கிலோமீற்றர் வரை, மோட்டாரை ஓடவிடும் பொத்தானும் சிலவற்றில் உண்டு. மரக்கறி மூட்டையைச் சைக்கிளிற் கட்டி மேட்டிலே தள்ளுவோருக்கு இஃது ஒரு வரப்பிரசாதம் எனலாம்.

வேக எல்லை

இனி, இவ்வண்டியின் வேகம் எவ்வாறு மட்டுப்படுத்தப்படுகிறது என்பதைப் பார்ப்போம். சக்கரத்தின் கம்பியொன்றில் ஒரு சிறு காந்தமும், அதற்கு நேரே வண்டியின் சட்டத்தில் ஓர் உணர்கருவியும் இருக்கும். சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஒரு துடிப்பு. குடத்து மோட்டாராயின் அதன் உள்ளேயே இவ்வேற்பாடு அமைந்திருக்கும். 26 அங்குலச் சக்கரம் ஒருமுறை உருண்டால் ஏறக்குறைய 2.07 மீற்றர் தூரம் செல்லும். மணிக்கு 25 கிலோமீற்றர் என்பது ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 6.9 மீற்றர். ஆகவே, அவ்வேகத்திற் சக்கரம் ஒரு செக்கனுக்கு மூன்று முறைக்குச் சற்றுக் கூடுதலாகச் சுழலும். அத்துடிப்புகளை எண்ணியே கட்டுப்பாட்டுப் பெட்டி வேகத்தைக் கணக்கிடுகிறது. எல்லை நெருங்க நெருங்க மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை அது படிப்படியாகக் குறைக்கும். எல்லையைத் தாண்டியதும் முற்றாக நிறுத்திவிடும். அதன் பின்னர் அது பாரங் கூடிய ஒரு சாதாரணச் சைக்கிளே. காலில் வலிமை உள்ளவர் அதற்கு மேலும் மிதித்துச் செல்லலாம், மோட்டார் உடன்வராது.

இந்த எல்லையை நாடுகள் வெவ்வேறு விதமாக வகுத்துள்ளன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், 250 உவாற்று வரை வலுவுள்ளதும், மிதித்தால் மட்டும் துணைசெய்வதும், மணிக்கு 25 கிலோமீற்றரில் துணையை நிறுத்துவதுமான வண்டி சாதாரணச் சைக்கிளாகவே மதிக்கப்படும். அங்கே 45 கிலோமீற்றர் வரை துணைசெய்யும் வண்டிகளும் உண்டு. அவற்றை மோட்டார் வண்டியாகவே கொள்வர். யப்பானில் 2008ஆம் ஆண்டிலிருந்து, மணிக்கு 10 கிலோமீற்றருக்குட்பட்ட வேகத்தில் மனிதர் தரும் பலத்தின் இருமடங்கு வரை மோட்டார் தரலாம். வேகம் ஏற ஏற அது குறைந்து, 24 கிலோமீற்றரில் ஒன்றுமில்லாமற் போகவேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2002ஆம் ஆண்டுச் சட்டம் 750 உவாற்று என்றும், மோட்டாரால் மட்டும் ஓடும் வேகம் மணிக்கு 20 மைலுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்றும் வகுத்தது. நம் அயலிலுள்ள இந்தியாவில், 250 உவாற்றுக்குக் குறைந்த வலுவும் 25 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகமும் உடைய மின்வண்டி, விதிகளின்படி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. நம் நாட்டில் இத்தகைய வண்டியை வாங்க எண்ணுவோர், பணத்தைக் கொடுக்குமுன், குறித்த மாதிரிக்குப் பதிவும் அனுமதிப்பத்திரமும் வேண்டுமா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்வது அறிவுடைமை.

இறக்கத்திலே என்ன நிகழ்கிறது?

மேற்கூறியவற்றை வாசித்த ஒரு தாய், "அப்படியானால் என் பிள்ளையின் வண்டி 25 கிலோமீற்றருக்கு மேல் ஓடாது, எனக்குக் கவலையில்லை" என்று எண்ணுதல் கூடும். வண்டியை விற்பவரும் அவ்வாறே சொல்லியிருக்கலாம். ஆனால், மலைநாட்டில் அந்த எண்ணம் பெருந்தவறாகும்.

வேக எல்லை என்பது மோட்டாரின் உதவிக்கு இடப்பட்ட எல்லை. சக்கரத்துக்கு இடப்பட்ட எல்லை அன்று. எல்லை வந்ததும் மோட்டார் தள்ளுவதை நிறுத்துகிறது. வண்டியைப் பிடித்து நிறுத்துவதில்லை. தட்டையான வீதியில் இவ்விரண்டுக்கும் பெரிய வேற்றுமை தெரியாது. தள்ளுவார் இல்லையேல் காற்றே வண்டியை மட்டுப்படுத்திவிடும். இறக்கத்திலோ தள்ளுவதற்கு மோட்டார் தேவையில்லை, மலையே தள்ளுகிறது.

நம் மாணவனின் வீடு மேட்டிலே, தோட்டத்து லயத்தில் இருக்கிறது என்றும், பாடசாலை பள்ளத்திலே இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முன்னர் ஏறிய அதே பாதையில், காலையில் அவன் மிதியாமலும் பிறேக் பிடியாமலும் வண்டியை உருளவிட்டால் என்ன நிகழும்? நிலையாக நின்ற வண்டி 40 மீற்றர் உருள்வதற்குள்ளாகவே 25 கிலோமீற்றர் வேகத்தை எட்டிவிடும். 300 மீற்றர் உருண்டால் மணிக்கு 48 கிலோமீற்றர் ஆகும். அதன் பின்னர் ஏறக்குறைய 50 கிலோமீற்றரில் காற்றின் தடையும் மலையின் இழுவையும் சமமாகும். சட்டம் 25 என்கிறது. மலை 50 என்கிறது. மோட்டாரோ இந்நேரம் முழுவதும் வாளாவிருக்கிறது.

வேகம் இருமடங்கானால் ஆபத்தும் இருமடங்காகும் என்று நினைப்பது இயல்பு. உண்மை அதனினும் கடுமையானது. இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும் என்று மாணவர்கள் பௌதிகத்திற் படித்திருப்பர். ஆகவே, இருமடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு சக்தி. உலர்ந்த சமதரையில், நல்ல பிறேக் உள்ள வண்டி, 25 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்க, கண் கண்டு கை பிடிக்கும் ஒரு செக்கனையுஞ் சேர்த்து, ஏறக்குறைய 13 மீற்றர் வேண்டும். 50 கிலோமீற்றர் வேகத்திலோ 38 மீற்றர் வேண்டும். இறக்கத்திலும், ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த வீதியிலும் இத்தூரம் இன்னும் நீளும். நம் பாதைகளில் ஒரு வளைவிலிருந்து 38 மீற்றர் தூரம் முன்னே தெரிகின்ற இடங்கள் எத்தனை என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

"மோட்டாரைத் திருப்பினால் டைனமோ ஆகும் என்றீர்களே, இறக்கத்தில் அது மின்சாரம் உண்டாக்கி வண்டியைத் தடுக்காதா?" என்று கூர்மையுள்ள மாணவர் கேட்பர். நல்ல கேள்வி. பற்சக்கரமில்லாத, நேரே சுழலும் குடத்து மோட்டார் சிலவற்றில் அவ்வேற்பாடு உண்டு. ஆனால், பற்சக்கரமுள்ள குடத்து மோட்டாரும், மிதியச்சு மோட்டாரும் இறக்கத்திற் சக்கரத்தோடு தொடர்பற்று நிற்குமாறு அமைக்கப்பட்டவை. அவற்றில் இத்தடை பொதுவாகக் கிடையாது. இருக்கும் வண்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. இரவு முழுவதும் மின்னேற்றி நிரம்பிய மின்கலவடுக்கு மேலும் மின்சாரத்தை ஏற்காது. ஆதலாற் கட்டுப்பாட்டுப் பெட்டி அத்தடையை நிறுத்திவைக்கும். மேட்டிலே வீடும் பள்ளத்திலே பாடசாலையும் உள்ளவனுக்கு, காலையில் முதலில் வருவது இறக்கமே; அப்பொழுது மின்கலவடுக்கும் நிரம்பியே இருக்கும். எப்பொழுது தடை மிகவும் வேண்டுமோ அப்பொழுது அது கைகொடாது.

எஞ்சியிருப்பவை இரண்டு பிறேக்குகள் மட்டுமே. அவை செய்யும் வேலையும் சிறிதன்று. 85 கிலோகிராம் எடை 300 மீற்றர் உயரம் இறங்கும்பொழுது வெளிப்படும் சக்தி, முக்கால் லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதிற் பெரும்பகுதி பிறேக்கிலே சூடாக மாறவேண்டும். ஆகவே, நீண்ட இறக்கத்தில் ஒரே பிடியாக மெல்லப் பிடித்துக்கொண்டே செல்லுதல் தகாது. வளைவு வருமுன் இரு பிறேக்கையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, நேர்ப்பாதையிற் சற்று விட்டுக் குளிரவிடவேண்டும். முன் பிறேக்கைத் திடீரென்று இறுக்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழக்கூடும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் றபர்க் கட்டைகள் மழையில் வழுக்கும். வட்டத் தட்டைப் பிடிக்கும் பிறேக் மழையிலும் நன்கு பிடிக்கும். மலைநாட்டுக்கு வண்டி வாங்குவோர் மோட்டாரின் வலுவை விசாரிக்குமுன் பிறேக்கின் வகையை விசாரிப்பது நலம். பல வண்டிகளில் பிறேக் பிடியைத் தொட்டதும் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை அறுத்துவிடும் ஆளியும் இருக்கும். அது சரியாக வேலைசெய்கிறதா என்று கடையிலேயே சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

எல்லையை ஏமாற்றுவோர்

வேக எல்லையை நீக்கித் தருவதாகக் கூறுவோர் எங்கும் உள்ளனர். சக்கரத்தின் அளவைப் பொய்யாகச் சொல்லியோ, துடிப்புகளைக் குறைத்துக் காட்டியோ, கட்டுப்பாட்டுப் பெட்டியை ஏமாற்றுவது அவர்கள் வழக்கம். இளைஞர்கள் இதனை ஒரு கெட்டித்தனமாக எண்ணுகின்றனர். இதனால் மலைநாட்டானுக்குக் கிடைக்கும் இலாபம் என்ன என்று பார்ப்போம்.

ஏற்றத்தில் ஒரு பயனும் இல்லை. நாம் கூறிய பாதையில் 25 கிலோமீற்றர் வேகத்தில் ஏற ஏறக்குறைய 600 உவாற்று வேண்டும். 250 உவாற்று மோட்டாரும் மாணவனின் 100 உவாற்றும் சேர்ந்தாலும் ஏறக்குறைய 16 கிலோமீற்றர் வேகத்துக்கு மேற் செல்லவியலாது. எட்டாத எல்லையை நீக்குவதால் எவருக்கு என்ன நன்மை? இறக்கத்திலோ மலை ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு மேல் தள்ளுகிறது. எஞ்சியது சமதரை. அங்கே 25இலிருந்து 32 கிலோமீற்றருக்கு வேகம் கூடினால், காற்றை எதிர்க்க வேண்டிய வலு இருமடங்காகிறது, மின்கலவடுக்கு விரைவில் வற்றுகிறது, மோட்டார் சூடேறுகிறது. சட்டம் சைக்கிளாக மதித்த வண்டி அம்மதிப்பையும் இழந்துவிடும். இவற்றுக்கெல்லாம் ஈடாகக் கிடைப்பது, சிறிது தூரம் சிறிது முன்னதாகச் சேர்வது மட்டுமே.

வீட்டிலே கவனிக்கவேண்டியவை

மின்கலவடுக்கை அதற்குரிய மின்னேற்றியாலேயே நிரப்பவேண்டும். விழுந்து நசுங்கியதையும் உப்பிப்போனதையும் மீண்டும் பயன்படுத்தலாகாது. லிதியம் மின்கலவடுக்கு தீப்பற்றினால் அணைப்பது கடினம். ஆதலால், எல்லாரும் உறங்கியபின் வாசலருகே மின்னேற்ற வைப்பது நன்றன்று. ஒரே வாசலுள்ள லயத்து அறைகளில் இதனை மிகவும் கருத்திற்கொள்ளவேண்டும். தீ வாசலில் எழுந்தால் உள்ளே இருப்போர் வெளியேற வழி எது? விழித்திருக்கும் வேளையில், வாசலுக்கு அப்பால், துணியும் விறகும் இல்லாத இடத்தில் நிரப்பி, நிரம்பியதும் இணைப்பை நீக்கிவிடல் வேண்டும்.

ஏற்றத்தில் இலகுவான கியரில் வைத்து, விரைவாகவும் மென்மையாகவும் மிதித்தால் மோட்டாருக்கும் நன்மை, முழங்காலுக்கும் நன்மை. வாரத்துக்கு ஒருமுறை பிறேக் கட்டைகளின் தேய்வைப் பார்த்தல் வேண்டும். தலைக்கவசமும், பனிமூட்ட வேளைக்கென முன்னும் பின்னும் விளக்கும் இன்றியமையாதவை.

புதிய வண்டி வீட்டுக்கு வந்த நாளில், பிள்ளையை முதலில் ஏற்றத்துக்கு அனுப்புவதே பெற்றோரின் வழக்கம். அது மேட்டில் ஏறுவதைக் கண்டு வீடே மகிழும். அம்மகிழ்ச்சி தக்கதே. எத்தனையோ தலைமுறையாகக் கொழுந்துக் கூடையோடும் புத்தகப் பையோடும் நடந்தே ஏறிய மேடல்லவா அது? ஆனால், மறுநாட் காலையில் தந்தை ஒருவர் பிள்ளையோடு கூடவே நடந்து, ஒவ்வொரு வளைவிலும் நின்று, "தம்பி, இந்த இடத்துக்கு வருமுன்னமே வேகத்தைக் குறைத்துவிடு; இங்கே மோட்டார் உனக்கு ஒன்றுஞ் செய்யாது" என்று காட்டிக் கொடுப்பாராயின், அந்த அரைமணி நேரம் வண்டியின் விலையினும் பெறுமதி வாய்ந்ததாகும்.